திமிங்கிலத் தொகைமதிப்பும் இனுப்பியற் மக்களும்: சூழலாய்வுக் கூட்டுறவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இயற்கைச் சூழல் பற்றிய நவீன ஆய்வுகளின் வரலாறு பெரும்பாலும் ஆய்வாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆய்வுக் குழுக்களின் பயணங்களும், அவை திரட்டிய தரவுகளும், அவை வெளியிட்ட நூல்களும் அவ்வரலாற்றிலே முதன்மை பெறுகின்றன. அக்குழுக்களுக்கு வழிகாட்டியோரும், படகு செலுத்தியோரும், எந்த விலங்கு எக்காலத்தில் எவ்வழியே வருமென்று சொல்லிக் கொடுத்தோரும் நூன்முகத்தின் நன்றியுரையிலே ஓரிரு வரிகளுள் அடங்கிவிடுகின்றனர். அண்மைப் பதிற்றாண்டுகளில் இந்நிலை மாறவேண்டுமென்ற குரல் உலகெங்கும் எழுந்துள்ளது. பழங்குடி மக்களுடன் மதிப்பார்ந்த கூட்டுறவு கொண்டே சூழலாய்வு நிகழ்தல் வேண்டுமென்பது இன்று பல நிறுவனங்கள் ஏற்றுக்கொண்ட கொள்கையாகும்.

ஆயின் மதிப்பு என்பதன் பொருள் யாது என்ற வினாவிற்குத் தெளிவான விடை எளிதிற் கிடைப்பதில்லை. பழங்குடியினரின் அறிவைப் புகழ்ந்து பேசுவது மதிப்பாகுமா? அவர்கள் கூறுவன யாவற்றையும் வினாவின்றி ஏற்பது மதிப்பாகுமா? இவ்வினாக்களுக்குக் கோட்பாட்டளவில் விடை தேடுவதிலும், ஒரு குறிப்பிட்ட வரலாற்று நிகழ்ச்சியை ஆராய்ந்து விடை காண்பது பயனுடையது. அலாஸ்காவின் வடகரையிலே திமிங்கிலங்களை எண்ணுவது தொடர்பாக 1977 ஆம் ஆண்டில் எழுந்த பிணக்கும், அது தீர்ந்த முறையும் அத்தகையதொரு நிகழ்ச்சியாகும். ஒரு சமூகத்தின் கூற்றைச் சோதனைக்குரிய அறிவுக்கூற்றாக எடுத்துக்கொள்வதிலேயே மதிப்பு தங்கியுள்ளது என்பதும், அவ்வாறு சோதிக்கச் செய்யும் வலிமை அச்சமூகத்தின் கையிலும் இருந்தாலன்றி அம்மதிப்பு நிலைபெறாது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

நிலமும் மக்களும்

அலாஸ்காவின் வட எல்லையிலே, ஆட்டிக் சமுத்திரத்தை நோக்கிய தாழ்ந்த கடற்கரையில் இனுப்பியற் மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். அவர்களின் ஊர்களுள் பெரியது பறோ என நூல்களிலே வழங்கிய ஊராகும். 2016 ஆம் ஆண்டில் நிகழ்ந்த வாக்கெடுப்பின் பின்னர் இது உற்கியாக்விக் என்ற தன் பழைய பெயரை மீண்டும் பெற்றது. வட அகலக்கோடு 71 பாகையில் அமைந்த இவ்வூரில் நவம்பர் நடுப்பகுதி தொடக்கம் சனவரிப் பிற்பகுதி வரை ஞாயிறு தோன்றுவதில்லை. பயிர்ச்செய்கைக்கு இடமில்லாத இந்நிலத்திலே மனித வாழ்க்கை கடலையும் காட்டுமானையும் நம்பியே அமைந்தது.

கடல் தரும் உணவுகளுள் தலையாயது வில்தலைத் திமிங்கிலமாகும். வில்லைப்போல் வளைந்த பெருந்தாடை காரணமாக இப்பெயர் பெற்ற இவ்விலங்கு 18 மீற்றர் வரை வளரக்கூடியது. முதுகிலே துடுப்பு இல்லாமையும், தடித்த மண்டையோடும் இதனைப் பனிக்கடல் வாழ்வுக்கு ஏற்றதாக்கியுள்ளன. குளிர்காலத்தைப் பெரிங் கடலிற் கழிக்கும் இத்திமிங்கிலங்கள், இளவேனிலிலே பனிப்பரப்புப் பிளந்து நீர் தோன்றும் ஒடுங்கிய வழிகளை ஒட்டி வடக்கு நோக்கிச் சென்று, பறோ முனையைக் கடந்து பியூபோட் கடலை அடைகின்றன. இலையுதிர் காலத்தில் மீண்டும் தெற்கு நோக்கித் திரும்புகின்றன.

இளவேனில் வேட்டை கடல்நாய்த் தோல் போர்த்திய படகுகளிலே நிகழ்வது. ஒவ்வொரு படகுக் குழுவிற்கும் ஒரு தலைவர் உண்டு. அவருடைய மனைவியும் குடும்பத்தாரும் ஆண்டு முழுவதும் தோல் தைத்தும் உணவு திரட்டியும் அக்குழுவைப் பேணுவர். பிடிபட்ட திமிங்கிலத்தின் இறைச்சி விற்கப்படுவதில்லை. வழிவழி வந்த பங்கீட்டு முறைப்படி அது ஊர் முழுவதற்கும் பகிரப்படுகின்றது. எனவே திமிங்கில வேட்டை உணவு தேடும் தொழிலாக மட்டுமன்றி, உறவு, தலைமை, கடமை ஆகியவற்றைக் கட்டிக்காக்கும் நிறுவனமாகவும் விளங்கியது.

வணிக வேட்டை விளைத்த அழிவு

இத்திமிங்கிலத்தை அருகச் செய்தோர் இனுப்பியற் மக்கள் அல்லர் என்பது ஈண்டு முதற்கண் குறிப்பிடத்தக்கது. 1848 ஆம் ஆண்டில் தோமஸ் றோய்ஸ் என்ற அமெரிக்கக் கப்பற்றலைவர் பெரிங் நீரிணையைக் கடந்து வடக்கே சென்று பெருந்தொகையான திமிங்கிலங்களைக் கண்டார். அச்செய்தி பரவியதும் கப்பல்கள் திரள்திரளாக வரத் தொடங்கின. விளக்கெரிக்கும் எண்ணெய்க்காகவும், பெண்களின் இடைக்கச்சுகளுக்குப் பயன்பட்ட வாய்த்தகடுகளுக்காகவும் வேட்டை நடைபெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தகட்டின் விலை வீழ்ந்து இவ்வணிகம் முடிவுறும்வரை, ஏறத்தாழ ஆறு பதிற்றாண்டுக் காலத்திற் கொல்லப்பட்ட வில்தலைத் திமிங்கிலங்களின் தொகை 18,000 ஐத் தாண்டும் என ஆய்வாளர் கணித்துள்ளனர். எஞ்சியவை சில ஆயிரத்துக்கு மேற்படா. கப்பல்களோடு வந்த புதிய நோய்களும் மதுவும் கரையோர மக்களைப் பெரிதும் அழித்தன.

பின்னர் தோன்றிய சருவதேச உடன்படிக்கைகள் இவ்வேறுபாட்டை ஓரளவு உணர்ந்திருந்தன. 1931 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை பழங்குடியினரின் வாழ்வாதார வேட்டைக்கு விலக்களித்தது. 1946 ஆம் ஆண்டின் வாஷிங்ரன் உடன்படிக்கையின் வழி உருவான சருவதேசத் திமிங்கில வேட்டை ஆணைக்குழுவும் அவ்விலக்கைத் தொடர்ந்து பேணியது. வணிக வேட்டை தடுக்கப்பட்டிருந்த காலத்திலும் இனுப்பியற் மக்கள் தமது வேட்டையைத் தொடர்ந்தமைக்கு இதுவே சட்ட அடிப்படையாகும்.

ஆய்வாளர் வருகை

பறோ முனைக்கும் அறிவியலுக்குமுள்ள தொடர்பு பழமையானது. முதலாவது சருவதேசத் துருவ ஆண்டுத் திட்டத்தின் பகுதியாக, 1881 தொடக்கம் 1883 வரை அமெரிக்கப் படைத்துறையினரின் ஆய்வு நிலையமொன்று அங்கே இயங்கியது. அக்குழுவைச் சேர்ந்த ஜோன் மேர்டொக் அம்மக்களின் கருவிகளையும் வாழ்க்கையையும் விரிவாகப் பதிவு செய்து 1892 இல் வெளியிட்டார். 1947 இல் அமெரிக்கக் கடற்படை அங்கு ஆட்டிக் ஆய்வுகூடமொன்றை நிறுவியது. இனுப்பியற் மக்கள் பலர் அதில் வழிகாட்டிகளாகவும், தச்சராகவும், விலங்குகளைப் பராமரிப்போராகவும் பணிபுரிந்தனர். தனிப்பட்ட நட்புகள் பல இங்கு மலர்ந்தன. ஆயினும் எதனை ஆராய்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களிடம் இருக்கவில்லை.

அவ்வுரிமையின்மை எத்துணை ஆபத்தானது என்பதைச் சாரியற் திட்டம் காட்டிற்று. 1958 இல் அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழு, பொயின்ற் ஹோப் என்னும் இனுப்பியற் ஊருக்குத் தென்கிழக்கே 50 கிலோமீற்றர் அளவிலுள்ள தொம்சன் முனையிலே அணுகுண்டுகளை வெடித்துத் துறைமுகம் அமைக்கத் திட்டமிட்டது. அவ்வூர் மக்கள் 1959 இல் இதனை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றினர். 1961 மார்ச்சில் சனாதிபதி கெனடிக்கு நேரே கடிதம் எழுதினர். திட்டத்தின் பொருட்டு நிகழ்ந்த சூழலாய்வுகளிலே பங்குகொண்ட உயிரியலாளர் சிலர், வளிமண்டலத்திலிருந்து வீழும் கதிரியக்கப் பொருள் கற்பாசியிற் சேர்ந்து, அதனைத் தின்னும் மான்வழி மனிதரை அடைவதை எடுத்துக்காட்டினர். இவ்வாறு பேசிய வில்லியம் புறூவிற், லெஸ்லி வீறெக் ஆகிய இருவரும் அலாஸ்காப் பல்கலைக்கழகத்திலே தம் பதவிகளை இழந்தனர். 1993 இல் அப்பல்கலைக்கழகமே அவர்களுக்குக் கௌரவப் பட்டம் வழங்கியது. 1962 இல் திட்டம் கைவிடப்பட்டது. எனினும் அதே ஆண்டில் அந்நிலத்திலே கதிரியக்க மண்ணைக் கொண்டு பரிசோதனை செய்யப்பட்டமையும், அம்மண் அங்கேயே புதைக்கப்பட்டமையும் 1992 இலேயே மக்களுக்குத் தெரியவந்தன.

பிற்காலத்து நிகழ்ச்சிகளை விளங்கிக்கொள்ள இவ்வரலாறு இன்றியமையாதது. 1977 இல் ஆய்வாளர் ஓர் எண்ணைக் கூறியபோது இனுப்பியற் மக்கள் அதனை நம்ப மறுத்தமைக்கு அறியாமை காரணமன்று. ஆய்வின் பெயரால் தமக்கு நேர்ந்தவற்றை அவர்கள் மறந்திருக்கவில்லை.

1977 ஆம் ஆண்டின் தடை

1968 இல் புறூடோ குடாவிலே எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டதை அடுத்து வட அலாஸ்காவின் பொருளாதாரம் விரைவாக மாறியது. கூலி வேலைவழிப் பணம் பெற்ற இளைஞர் பலர் புதிதாகப் படகுக் குழுக்களை அமைத்தனர். குழுக்களின் தொகை பெருகியது. அனுபவம் அதற்கேற்பப் பெருகவில்லை. பிடிபட்ட திமிங்கிலங்களின் தொகையும், தாக்குண்டு தப்பிச் சென்றவற்றின் தொகையும் உயர்ந்தன. 1977 ஆம் ஆண்டிலே 29 திமிங்கிலங்கள் கரைசேர்க்கப்பட்டன. தாக்குண்டும் கைக்கு எட்டாமற் போனவை அதனினும் இரு மடங்குக்கு மேற்பட்டவை. ஆய்வாளரின் அச்சத்திற்கு நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

அவ்வாண்டு யூன் மாதத்திலே கன்பராவிற் கூடிய சருவதேச ஆணைக்குழு, இனத்தின் தொகை சில நூறு முதல் ஏறத்தாழ 2,000 வரையே இருக்கலாம் என்ற மதிப்பீட்டைக் கருத்திற்கொண்டு, பழங்குடியினருக்கிருந்த விலக்கை நீக்கியது. வேட்டை முற்றாகத் தடைசெய்யப்பட்டது. இம்முடிவு எடுக்கப்படுமுன் கரையோர ஊர்களிலே எவரும் கலந்தாலோசிக்கப்படவில்லை.

இனுப்பியற் மக்களின் எதிர்வினை ஒழுங்கமைந்ததாக இருந்தது. 1977 ஓகஸ்ட் மாதத்தில் பறோவிலே கூடிய வேட்டைத் தலைவர்கள் அலாஸ்கா எஸ்கிமோ திமிங்கில வேட்டை ஆணைக்குழு என்ற அமைப்பை உருவாக்கினர். பின்னாளில் 11 ஊர்கள் இதில் அங்கம் பெற்றன. அமெரிக்க அரசு தடைக்கு மறுப்புத் தெரிவிக்கவேண்டுமெனக் கோரி அவர்கள் தொடுத்த வழக்கு மேன்முறையீட்டு மன்றத்திலே தோல்வியுற்றது. எனினும் அவ்வாண்டு டிசெம்பரில் ரோக்கியோவிற் கூடிய சிறப்புக் கூட்டத்திலே தடை தளர்த்தப்பட்டு, 1978 ஆம் ஆண்டுக்கு 12 திமிங்கிலங்களைக் கரைசேர்க்க அல்லது 18 ஐத் தாக்க அனுமதி கிடைத்தது. பல ஊர்களுக்கும் இது போதியதன்று. ஆயினும் பேச்சுவார்த்தைக்கு வழி திறந்தது.

எண் பற்றிய விவாதம்

பிணக்கின் மையம் ஓர் எண்ணாக இருந்தது. அவ்வெண் எவ்வாறு பெறப்பட்டது என்பதை ஆராய்தல் அவசியம். அரசின் ஆய்வாளர் கரையொட்டிய பனிப்பரப்பின் விளிம்பிலே, உயர்ந்த பனிமேட்டில் அமர்ந்து, திறந்த நீர்வழியிலே செல்லும் திமிங்கிலங்களைக் கண்ணாற் கண்டு எண்ணினர். 1978 இல் இம்முறையிற் பெறப்பட்ட மதிப்பீடு 2,264. திமிங்கிலங்கள் பனியை அஞ்சுகின்றன. ஆதலின் திறந்த நீர்வழி ஒன்றினூடாகவே செல்கின்றன என்பது இம்முறையின் உள்ளார்ந்த கருதுகோளாகும்.

வேட்டைத் தலைவர்கள் மறுத்தது இக்கருதுகோளையே. அவர்களின் மறுப்பு மூன்று கூறுகளைக் கொண்டது. முதலாவது, நீர்வழி மூடிக்கொள்ளும் நாட்களிலும் திமிங்கிலங்கள் நிற்பதில்லை. பனியின் அடியாகச் செல்கின்றன. இரண்டாவது, அவை தலையால் முட்டிப் பனியை உயர்த்திப் பிளந்து மூச்சு விடுகின்றன. மூன்றாவது, கரையோரமாகச் செல்வன ஒரு பகுதியே. கண்ணுக்கெட்டாத் தொலைவிலும் அகன்ற பரப்பிலே பல செல்கின்றன. எனவே, விளிம்பிலிருந்து கண்டவற்றை எண்ணுவது தெருவிலே செல்வோரை மட்டும் எண்ணி ஊரின் குடிசனத்தைக் கணிப்பதை ஒக்கும்.

இங்கு கவனிக்கத்தக்கது யாதெனில், இக்கூற்றுகள் யாவும் சோதிக்கத்தக்கவை என்பதாகும். இவை எம் முன்னோர் சொன்னவை, ஆதலின் நம்புக என்று மட்டும் அவர்கள் கூறவில்லை. திமிங்கிலம் எங்கே செல்கின்றது, எவ்வாறு செல்கின்றது, எக்காட்சியால் அதனை அறிந்தோம் என்று காரணத்துடன் விளக்கினர். இவ்விளக்கத்தை அளித்தோருள் முதன்மையானவர் ஹரி புறோவர் என்னும் வேட்டைத் தலைவர். கடற்படை ஆய்வுகூடத்திலே நெடுங்காலம் பணிபுரிந்த அவர் இரு உலகங்களின் மொழியையும் அறிந்திருந்தார். அவரது விளக்கத்தைக் கருத்தூன்றிக் கேட்டவர் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விலங்கு மருத்துவ அறிஞர் தோமஸ் அல்பேட். பின்னர் வட சரிவு மாவட்ட ஆட்சியின் அறிவியற் பணிக்குப் பொறுப்பேற்ற அல்பேட், ஆய்வுத் திட்டத்தின் அடிப்படை புறோவரின் விளக்கமே என்று வெளிப்படையாக எழுதியுள்ளார். நன்றியுரைக்குள் அடங்காது, ஆய்வின் கருதுகோளாகவே ஒரு வேட்டைத் தலைவரின் சொல் இடம்பெற்றமை இந்நிகழ்ச்சியின் சிறப்பாகும்.

கடலடியிலே கேட்ட குரல்கள்

சோதனைக்குப் பணமும் நிறுவனமும் வேண்டும். 1972 இல் உருவாகிய வட சரிவு மாவட்ட ஆட்சி அவற்றை அளித்தது. அதன் முதல் நகரத் தலைவரான ஈபன் ஹொப்சன், எண்ணெய் நிறுவனங்களின் சொத்துக்கள்மீது வரி விதிக்கும் உரிமையைப் போராடிப் பெற்றவர். சருவதேச அளவில் இனுயிற் மக்களை ஒன்றிணைக்கும் மாநாட்டை 1977 யூன் மாதத்தில் பறோவிலே கூட்டியவரும் அவரே. அவ்வரிப் பணத்தைக் கொண்டு மாவட்ட ஆட்சி தனக்கென அறிவியலாளரை நியமித்தது. 1980 களின் தொடக்கத்தில் தொகைமதிப்புப் பணியும் அதன் பொறுப்பில் வந்தது. இவ்வாறு ஆய்வாளர் அச்சமூகத்தின் விருந்தினர் என்ற நிலை மாறி, அதன் பணியாளராகவும் ஆயினர்.

ஆய்வுமுறை பின்வருமாறு அமைந்தது. பனி விளிம்பிலே பல இடங்களில் நீரடி ஒலிவாங்கிகள் இறக்கப்பட்டன. வில்தலைத் திமிங்கிலம் பயணத்தின்போது அடிக்கடி குரலெழுப்பும் இயல்பினது. ஒரே குரல் வெவ்வேறு ஒலிவாங்கிகளை அடையும் நேர வேறுபாட்டைக் கணித்தால், அக்குரல் எழுந்த இடத்தைக் கண்டறியலாம். கிறிஸ்ரோபர் கிளார்க்கும் வில்லியம் எலிசனும் இவ்வொலியாய்வை முன்னெடுத்தனர். வானூர்திவழிக் கணிப்பும், விளிம்பிலிருந்து கண்ணால் எண்ணுதலும் உடன் தொடர்ந்தன. பனியின் இயல்பறிந்த இனுப்பியற் வேட்டையரே பாதுகாப்பான இடத்தைத் தெரிந்தும், வழியமைத்தும், வெண்கரடியிலிருந்து காத்தும் இப்பணியை இயலச் செய்தனர்.

முடிவு ஐயத்திற்கிடமின்றி அமைந்தது. நீர்வழி முற்றாக மூடியிருந்த நாட்களிலும், கண்ணுக்கு எதுவும் தெரியாத வேளையிலும் திமிங்கிலங்களின் குரல்கள் பனியடியிலிருந்து வந்துகொண்டேயிருந்தன. விளிம்பிலிருந்து காணமுடியாத தொலைவிலும் அவை சென்றன. தடித்த பனியைத் தலையால் முட்டிப் பிளந்து மூச்சுவிட்டமையும் பதிவு செய்யப்பட்டது. கிறெய்க் ஜோர்ஜும் உடனாய்வாளரும் 1989 இல் வெளியிட்ட கட்டுரை அச்செயலை விரிவாக விளக்குகின்றது. வேட்டைத் தலைவர்களின் மூன்று கூற்றுகளும் நிறுவப்பட்டன.

தொகையின் மதிப்பீடும் அதற்கேற்ப உயர்ந்தது. 1980 களின் நடுப்பகுதியில் அது 4,400 அளவினதாயிற்று. 1988 இல் 7,500 ஐக் கடந்தது. பத்தாண்டுகளில் ஏற்பட்ட இவ்வுயர்வு முழுவதும் பிறப்பின் விளைவு அன்று. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையே கன்று ஈனும் இவ்வினம் ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு வீதமே பெருகக்கூடியது. அக்கணக்கின்படி பத்தாண்டிலே 2,264 என்பது 3,300 அளவுக்கே வளர்ந்திருக்கும். எஞ்சிய வேறுபாடு எண்ணும் முறையிலிருந்த குறைபாட்டின் அளவைக் காட்டுகின்றது. பின்னர் வந்த மதிப்பீடுகள் இனம் உண்மையாகவே பெருகி வருவதை உணர்த்தின. 2001 இல் ஏறத்தாழ 10,500. 2011 இல் ஏறத்தாழ 16,900.

கூட்டுறவின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். இனுப்பியற் மக்கள் தம் கூற்று மெய்ப்பிக்கப்படும்வரை கட்டுப்பாட்டை முற்றாக மறுத்து நிற்கவில்லை. 1981 மார்ச்சில் அவர்களின் ஆணைக்குழு அமெரிக்க அரசின் சமுத்திர நிருவாகத்துடன் கூட்டுறவு ஒப்பந்தம் செய்தது. ஒதுக்கீட்டை ஊர்களிடையே பகிர்தல், வேட்டையைக் கண்காணித்தல், விதி மீறியோரைத் தண்டித்தல் ஆகியன வேட்டைத் தலைவர்களின் பொறுப்பாயின. தாக்குண்டு தப்பும் திமிங்கிலங்களைக் குறைப்பதற்காகப் புதிய வெடிகுண்டு ஈட்டிகளும் பயிற்சியும் புகுத்தப்பட்டன. முன்னர் தாக்கப்பட்டவற்றிற் பாதியளவே கரைசேர்ந்த நிலை மாறி, நான்கில் மூன்றும் அதற்கு மேலும் கரைசேரும் நிலை உருவாயிற்று. ஆய்வாளர் எண்ணிலே தவறினர். ஆயின் வீண் இழப்புப் பற்றிய அவர்களின் கவலை சரியானது. இரு சாராரும் மற்றவரின் சரியான கூற்றை ஏற்றமையாலேயே தீர்வு பிறந்தது.

தொடர்ந்த பயன்கள்

ஒருமுறை ஏற்பட்ட நம்பிக்கை வேறு பல வினாக்களுக்கும் வழி திறந்தது. வில்தலைத் திமிங்கிலம் மனிதரின் இரு ஆயுட்காலம் வாழும் என்று முதியோர் கூறுவது வழக்கம். 1981 ஆம் ஆண்டின் பின்னர் பிடிபட்ட சில திமிங்கிலங்களின் உடலிலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குப்பின் வழக்கொழிந்த கல் ஈட்டி முனைகள் காணப்பட்டன. 1999 இல் வெளியான ஆய்வொன்று கண்வில்லையிலுள்ள அமினோ அமிலத்தின் மாற்றத்தைக் கொண்டு வயதைக் கணித்தது. சில நூறாண்டைக் கடந்தவை எனவும், ஒன்று 200 ஆண்டையும் கடந்தது எனவும் அது காட்டியது. 2007 இல் பிடிபட்ட திமிங்கிலமொன்றில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே செய்யப்பட்ட வெடியீட்டித் துண்டு கிடைத்தது. புகையின் மணத்தை அறிந்து திமிங்கிலம் விலகிச் செல்லும் என்ற வேட்டையரின் கூற்றும் இத்தகையதே. திமிங்கிலங்களுக்கு முகரும் ஆற்றல் பெரிதும் இல்லை என்பது பொதுக்கருத்தாக இருந்த நிலையில், வில்தலைத் திமிங்கிலத்தின் மூளையில் முகர்வுக்குரிய பகுதி நன்கு வளர்ந்துள்ளமையை 2011 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

எண்ணெய்த் தேடலின்போது எழும் ஓசை பற்றிய வினா பொருளாதார நலன்களோடு நேரடியாக மோதியது. ஓசைக்கஞ்சித் திமிங்கிலங்கள் நெடுந்தொலைவு விலகுகின்றன என்று வேட்டையர் கூறினர். முன்னைய ஆய்வுகள் சில கிலோமீற்றர் தூர விலகலையே காட்டின. 1997 மார்ச்சில் பறோவிலே நிகழ்ந்த கருத்தரங்கிலே வேட்டைத் தலைவர்கள் தம் அவதானிப்புகளைப் பதிவு செய்தனர். 1996 தொடக்கம் 1998 வரை இலையுதிர் காலத்தில் நடந்த அளவீடுகள், பெரும்பாலான திமிங்கிலங்கள் 20 கிலோமீற்றர் அளவுக்கு விலகியதைக் காட்டின. இங்கும் வேட்டையரின் கூற்றே உண்மைக்கு அண்மையதாக இருந்தது.

இவ்வனுபவத்தின் எல்லைகள்

எனினும் இவ்வரலாற்றை முழு வெற்றிக் கதையாகக் கொள்வது பொருந்தாது. மூன்று எல்லைகளை ஈண்டு சுட்டலாம்.

முதலாவது, இனுப்பியற் மக்களின் குரல் கேட்கப்பட்டமைக்கு அவர்கள் கூற்று உண்மையாக இருந்தமை மட்டும் காரணமன்று. எண்ணெய் வரியினால் வந்த பணமும், தமக்கெனத் தேர்ந்த ஆட்சியும், வழக்குத் தொடுக்கும் ஆற்றலும் அவர்களிடம் இருந்தன. அவையில்லாத பழங்குடி மக்கள் உலகெங்கும் பலர். அவர்களின் அறிவும் இதே அளவு உண்மையுடையதாக இருக்கலாம். அதனைச் சோதிக்கச் செய்யும் வலிமையே அவர்களிடம் இல்லை. கடலைக் காக்க வந்த ஆய்வுக்குக் கடலை அச்சுறுத்தும் எண்ணெயே நிதியளித்தது என்ற முரணும் இங்கு உண்டு.

இரண்டாவது, எண்ணாக மாற்றத்தக்க அறிவே ஆய்வுமன்றத்தில் ஏற்புப் பெற்றது. திமிங்கிலம் தகுதியுடைய குழுவுக்குத் தன்னைத் தானே அளிக்கின்றது என்பதும், ஆதலின் பகிர்வும் ஒழுக்கமும் வேட்டைக்கு முந்தியவை என்பதும் இனுப்பியற் மக்களின் ஆழ்ந்த நம்பிக்கையாகும். ஒலிவாங்கியால் அதனை அளக்க இயலாது. ஆயின் கட்டுப்பாட்டை ஏற்று நடக்கும் மனநிலைக்கு அந்நம்பிக்கையே ஊற்றாக இருந்தது. அளக்கத்தக்கதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதனைத் தாங்கி நிற்கும் வாழ்க்கையை விட்டுவிடும் ஆய்வு அரைகுறையானதே.

மூன்றாவது, உண்மை நிறுவப்பட்ட பின்னரும் உரிமை உறுதிப்படவில்லை. 2002 இல் சிமொனொசெக்கியிற் கூடிய சருவதேச ஆணைக்குழுவிலே, யப்பானின் கரையோர வேட்டைக் கோரிக்கை மறுக்கப்பட்டதை ஒட்டி எழுந்த பிணக்கினால், வில்தலைத் திமிங்கில ஒதுக்கீடு நிறைவேறாது போயிற்று. அறிவியல் சார்ந்த ஆட்சேபம் எதுவும் அதற்குக் காரணமன்று. அவ்வாண்டு ஒக்ரோபரிற் கூடிய சிறப்புக் கூட்டமே அதனை மீட்டது. குறித்த நிபந்தனைகள் நிறைவேறுமிடத்து ஒதுக்கீடு தானாகவே புதுப்பிக்கப்படும் ஏற்பாடு 2018 இல் பிறேசிலில் நடந்த கூட்டத்திலேயே ஏற்கப்பட்டது. 1977 இலிருந்து இதற்கு 41 ஆண்டுகள் சென்றன.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சூழலாய்வுக் கூட்டுறவுக்குரிய சில பண்புகளை வரையறுக்கலாம். ஆய்வின் வினாவை வகுப்பதிலே அச்சூழலில் வாழ்வோருக்குப் பங்கு இருத்தல் வேண்டும். ஒலிவாங்கியை இறக்குமுன்னரே, எங்கே கேட்கவேண்டும் என்பதை வேட்டைத் தலைவர் ஒருவர் சொல்லியிருந்தார். அடுத்து, ஆய்வுக்கான நிதி, தரவு, பணியாளர் ஆகியவற்றின்மீது அம்மக்களுக்கு உரிமை இருத்தல் வேண்டும். சாரியற் திட்டத்தின் காலத்திலே தம் நிலத்திற் புதைக்கப்பட்டது யாது என்பதைக்கூட அறியாதிருந்த மக்கள், இரு பதிற்றாண்டுகளின் பின் தாமே ஆய்வை நடத்தினர். இவ்விரு நிலைகளுக்கும் இடையிலான வேறுபாடு ஆய்வாளரின் நற்குணத்தால் மட்டும் விளைந்ததன்று. உரிமை கைமாறியமையால் விளைந்தது. இறுதியாக, முடிவு எவருக்குச் சாதகமாயினும் அதற்குக் கட்டுப்படும் மனம் இரு சாராரிடத்தும் இருத்தல் வேண்டும்.

பழங்குடி மக்களின் அறிவை ஏளனம் செய்வோரும், அதனை ஆராயாது போற்றுவோரும் ஒரு வகையில் ஒத்தவரே. இரு சாராரும் அவ்வறிவை விவாதத்திற்கு வெளியே நிறுத்திவிடுகின்றனர். பறோவிலே நிகழ்ந்தது வேறு. அங்கு ஒரு வேட்டைத் தலைவரின் சொல், மற்றொரு அறிஞரின் சொல்லைப் போலவே ஐயுறப்பட்டது, ஆராயப்பட்டது, ஏற்கப்பட்டது. 2022 இல் இனுயிற் சுற்றுத்துருவ மன்றம் தம் மக்களுடன் பணியாற்ற வருவோர் கைக்கொள்ள வேண்டிய நெறிமுறைகளை வகுத்து வெளியிட்டபோது, அதன் பின்னணியில் இத்தகைய பல்லாண்டு அனுபவம் இருந்தது.

இன்று ஆட்டிக் கடலின் பனி மெலிந்து வருகின்றது. விளிம்பிலே நின்று எண்ணுதல் ஆண்டுக்கு ஆண்டு கடினமாகின்றது. வேட்டையரும் முன்னோர் அறிந்திராத பனியை எதிர்கொள்கின்றனர். பழைய அவதானிப்புகள் புதிய நிலைமைக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை வேட்டையரும் ஆய்வாளரும் மீண்டும் ஒன்றாக இருந்தே அறிய வேண்டியுள்ளது. 1977 இல் அவர்கள் எதிரெதிராக நின்று தொடங்கினர். இப்போது அவ்வாறு தொடங்கவேண்டிய தேவை இல்லை என்பதே அந்நாற்பதாண்டு உழைப்பின் பேறாகும்.